சின்னத்திரை மருத்துவமனையும் நம் வீட்டு நோயாளியும்

வேலூர் லாங் பஜாரில் மாலை வேளையில் கடைகடையாய் ஏறி இறங்குவோர் எல்லாரும் இவ்வூர் மக்கள் அல்லர். ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் மருந்துச் சீட்டுமாய் ஆரஞ்சுப் பழத்துக்கு விலை கேட்கும் பெண்மணி வங்காளத்திலிருந்து வந்திருப்பார். பாயும் வாளியும் வாங்கிச் செல்லும் இளைஞர் ஜார்க்கண்டுக்காரராய் இருப்பார். காட்பாடியில் இரயிலைவிட்டு இறங்கி, சி.எம்.சி. மருத்துவமனையை நாடி வந்து, சுற்றுத் தெருக்களின் லாட்ஜுகளில் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தங்குவோர் இவர்கள். இவர்களுக்காகவே கடைக்காரர்கள் இந்தியும் வங்காளமும் பேசக் கற்றுக்கொண்டனர். பெயர்ப் பலகைகளிலும் வங்க எழுத்துகளைக் காணலாம். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய சிறு மருந்தகம் ஒரு கடைவீதியின் முகத்தையே மாற்றிவிட்டது என்றால் மிகையாகாது.

இவ்வாறு உண்மையான மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்க, இரவு உணவு முடிந்ததும் நம் குடும்பத்தார் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மருத்துவமனை நாடகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன்? நோயையும் சாவையும் நாள்தோறும் கண்ணெதிரே காண்போர்க்குப் பொழுதுபோக்கிலும் அவைதாமா வேண்டும்? இக்கேள்வியை நாம் சிலரிடம் கேட்டுப் பார்த்தோம். மருமகனுக்குத் துணையாக வந்து லாட்ஜில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் தந்த மறுமொழியே நமக்குச் சரியெனப் பட்டது. "ஐயா, ஐ.சி.யூ. கதவு வரைக்கும்தான் எங்களை விடுகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்பதை இந்தப் பெட்டிதான் காட்டுகிறது" என்றார் அவர்.

நம்மில் பெரும்பாலோர் நிலையும் இதுவே. கதவுக்கு இப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டுச் செபமாலையை உருட்டியபடி நிற்கிறோம். அப்புறம் நடப்பதைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படமெல்லாம் நாடகம் வரைந்த படமே. டாக்டர் வெளியே வந்து, "என்ன செய்யலாம்?" என்று வினவும்போது, அப்படத்தை நம்பித்தான் விடை சொல்கிறோம். ஆகவே அது எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று ஆராய்வது வீண் வேலையன்று.

மருத்துவமனையைக் கதைக்களமாக்குவது நமக்குப் புதிதன்று. ஸ்ரீதர் 1962-ல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் படம். தாம் முன்பு நேசித்த பெண்ணின் கணவரைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றிவிட்டு டாக்டர் தம் உயிரை விடுவார். நம் தாய்மார் அழுது தீர்த்தனர். ஆனால் அதில் நோய் ஒரு சாக்கு, தியாகமே கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1969 முதல் 1976 வரை நடந்த 'மார்க்கஸ் வெல்பி' தொடரின் டாக்டரும் குறையே இல்லாத மாமனிதர்தாம். அப்பாத்திரத்தின் பெயருக்கு முதல் ஐந்தாண்டுகளில் வந்த கடிதங்கள் இரண்டரை லட்சம்; அவற்றுள் பெரும்பாலானவை வைத்திய ஆலோசனை கேட்டு எழுதப்பட்டவை! நடிகரிடம் மருந்து கேட்ட அம்மக்களைப் பார்த்து நாம் நகைக்க வேண்டா. அவர்களுக்கும் நமக்கும் இடைவெளி அதிகம் இல்லை.

பின்னர் காலம் மாறிற்று. மருத்துவமனையை உள்ளபடியே காட்ட வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. ஹார்வர்டில் மருத்துவம் பயின்ற எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் உருவாக்கிய 'ஈ.ஆர்.' தொடர் 1994 முதல் 2009 வரை 331 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஓடும் கட்டில், சிதறும் இரத்தம், புரியாத மருத்துவச் சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. நம் நாட்டிலும் விஜயா மேத்தா 1991-ல் தூர்தர்ஷனுக்காக 'லைஃப்லைன்' தொடரை இயக்கினார். தமிழில் 2024-ல் வெளிவந்த 'ஹார்ட் பீட்' தொடரை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவர். பயிற்சி மருத்துவராகச் சேரும் இளம்பெண், தன்னைக் கைவிட்ட தாய் அதே மருத்துவமனையின் பெரிய டாக்டர் என்பதை அறிந்தும் வெளியிடாது பணிபுரியும் கதை அது. விறுவிறுப்பான கதைதான், மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே கட்டில்கள் பின்திரை. தாயும் மகளும் காதலும் நட்புமே முன்னணி. வெள்ளைக் கோட்டு அணிந்த குடும்பக் கதை என்றே நாம் அதைச் சொல்வோம்.

இத்தொடர்களினின்று வேறுபட்டது, 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கிய 'தி பிட்'. அவ்வாண்டு செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் அதற்குக் கிடைத்தது. 'ஈ.ஆர்.' தொடரில் மாணவ மருத்துவராக அறிமுகமான நோவா வைல், இதில் நரை கண்ட டாக்டர் ராபியாக வருகிறார். முதற்பருவத்தின் 15 பகுதிகளும் ஒரே நாளின் 15 மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கும் பணிமுறை அது. பின்னணி இசை இல்லையென்றே சொல்லலாம். நாற்காலிகளில் மணிக்கணக்காய்க் காத்திருந்து சலிக்கும் கூட்டம், மேல்மாடியில் படுக்கை கிடைக்காமல் நடைவழியில் கிடத்தப்பட்ட நோயாளிகள், சாப்பிட நேரமில்லாத செவிலியர், பொறுமையிழந்து தலைமைச் செவிலியை அடித்துவிடும் ஒருவர்: புறநோயாளர் பகுதியில் ஒரு காலைப் பொழுதைக் கழித்த எவரும், "ஆம், இப்படித்தான்" என்பர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தொடர் சிறுவர்க்கு உரியதன்று. காயங்களைக் காட்டுவதில் கூச்சமில்லை. பேச்சிலும் கடுஞ்சொற்கள் மலிந்துள்ளன. பெற்றோர் உடனிருந்து பார்ப்பதும், பார்க்கலாகாதவர்களை முன்னதாகவே உறங்க அனுப்புவதும் நலம்.

நிற்க. மெய்போலத் தோன்றும் நாடகங்களில் ஒளிந்திருக்கும் பெரும் பொய் எது? இதயம் நின்றுவிட்ட ஒருவர் பிழைத்தெழும் காட்சியே அது. கருவியில் கோடு நேராகிறது, டாக்டர் நெஞ்சை அழுத்துகிறார், மின்னதிர்ச்சி தருகிறார், உடல் துள்ளுகிறது, கோடு மீண்டும் அலையாகிறது, நோயாளி கண் திறந்து மனைவியின் பெயரைச் சொல்கிறார். உண்மையில், நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு மின்னதிர்ச்சி பயன்படாது. தாறுமாறாய்த் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரவே அது உதவும். நெஞ்சை அழுத்துவதும் திரையில் காண்பதுபோல் மெல்லிய செயலன்று. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். முதியோர்க்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். நடிகரின் விலாவை முறிக்க முடியாதாகையால் திரை டாக்டர்கள் முழங்கையை மடக்கி அழுத்துவதுபோல் பாவனை செய்கின்றனர்.

இதனை ஆராய்ந்தவர்களும் உளர். டயம், லான்டோஸ், டல்ஸ்கி என்னும் மூவர் 1996-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்கியூ 911' ஆகிய நிகழ்ச்சிகளின் 97 பகுதிகளை அவர்கள் அமர்ந்து பார்த்தனர். 60 முறை இதயத்தை மீட்கும் முயற்சி நடந்தது. நூற்றுக்கு 75 பேர் உடனே பிழைத்தனர். 67 பேர் வீடு திரும்பியதாகவே காட்டப்பட்டனர். அந்நோயாளிகளுள் நூற்றுக்கு 65 பேர் குழந்தைகளும் இளைஞரும். உண்மை உலகிலோ இதயம் நிற்பது பெரும்பாலும் வயது முதிர்ந்தோர்க்கே. அமெரிக்கா போன்ற வசதி மிகுந்த நாட்டிலேயே, மருத்துவமனைக்குள் இதயம் நின்றவருள் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவரும், வெளியே நின்றவருள் பத்தில் ஒருவருமே வீடு திரும்புகின்றனர். பல நோய்களால் உடல் தேய்ந்த முதியவர்க்கு அந்த வாய்ப்பும் மிகக் குறைவு.

இதனால் அம்முயற்சி வேண்டாதது என்று எவரும் எண்ணிவிடலாகாது. நடுவயதில் திடீரெனச் சாய்ந்த ஒருவரின் நெஞ்சை அருகில் நிற்பவர் உடனே அழுத்தத் தொடங்கினால் ஓர் உயிர் மிஞ்சலாம். தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றிலும் நால்வராவது இதனை முறையாகக் கற்றிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. நாம் இங்கே பேசுவது வேறு: நெடுநாள் நோயின் முடிவில், இயற்கையாகவே அணைந்துகொண்டிருக்கும் விளக்கைப் பற்றி.

ஆம்பூர்ப் பக்கம் நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தந்தை முப்பதாண்டுகளுக்கு மேல் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர். பங்கின் கோவில் காரியங்களில் முன்நின்றவர். எழுபத்தெட்டாம் வயதில் சிறுநீரகமும் இதயமும் ஒருசேரத் தளர்ந்தன. டாக்டர் மக்களை அழைத்து, இதயம் நின்றால் அழுத்த வேண்டுமா, வென்டிலேட்டர் வைக்க வேண்டுமா என்று கேட்டார். வெளியூரில் செவிலியாய்ப் பணிபுரியும் இளைய மகள், "அண்ணா, அப்பா போதும் போதும் என்கிறார். வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம்" என்றாள். மூத்தவருக்கு மனம் கேட்கவில்லை. "என்னம்மா இப்படிப் பேசுகிறாய்? எத்தனை முறை பார்த்திருக்கிறோம், நின்ற இதயம் மறுபடி ஓடவில்லையா? பணத்துக்குப் பார்த்து அப்பாவை விட்டுவிட்டோம் என்று ஊர் பேசாதா?" என்றார். எல்லாம் செய்யுங்கள் என்று கையெழுத்திட்டார். பதினோரு நாள் தந்தை கருவியின் துணையில் கிடந்தார். தொண்டையில் குழாய், ஆகவே பேச்சில்லை. கைகள் கட்டிலோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே பேரப் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை இடவும் முடியவில்லை. அந்தப் பதினோரு நாளும் மக்கள் அவரைக் கண்டது நாளுக்குப் பத்து நிமிடம்.

மூத்த மகன் தந்தையை வெறுத்தவரா? இல்லவே இல்லை. அளவு கடந்த அன்பே அவரை அவ்வாறு செய்வித்தது. மருத்துவர்களும் கேட்டதைத்தான் செய்தனர். ஆனால் அவர் மனத்தில் இருந்த படத்தில் 'போராடுவது', 'விட்டுவிடுவது' என்னும் இரண்டே வழிகள் இருந்தன. முதலாவது அன்பு, இரண்டாவது துரோகம் என்று நாடகங்கள் ஆண்டுக் கணக்கில் அவருக்குக் கற்பித்திருந்தன.

வியப்பு என்னவெனில், இந்தப் படத்தைத் திருத்தியதும் ஒரு நாடகமே. 'தி பிட்' தொடரின் முதற்பருவத் தொடக்கத்தில், முதியோர் இல்லத்திலிருந்து ஸ்பென்சர் என்னும் பெரியவர் கொண்டுவரப்படுகிறார். நினைவு மங்கியவர், நுரையீரலில் கடும் தொற்று. தமக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் வேண்டாம் என்று அவர் முன்னரே எழுதிவைத்திருக்கிறார். மகனும் மகளும் தடுமாறுகின்றனர். மகள் விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். டாக்டர் எவ்வளவோ எடுத்துரைத்தும், தந்தையின் விருப்பத்துக்கு மாறாகக் குழாய் இடப்படுகிறது. அதன்பின் அவர் படும் வேதனையைக் கண்டு மக்கள் மனம் மாறுகின்றனர். குழாயை எடுக்கு முன் டாக்டர் ராபி அவர்களுக்கு, ஹவாய்த் தீவு மக்களிடையே வழங்கும் ஒரு முறையைச் சொல்லித் தருகிறார். அன்பைச் சொல்லுங்கள், நன்றியைச் சொல்லுங்கள், மன்னித்தேன் என்று சொல்லுங்கள், மன்னிப்பும் கேளுங்கள் என்கிறார். கட்டிலின் இருபுறமும் அமர்ந்து மக்கள் அந்நான்கையும் சொல்லி முடிக்கின்றனர். இசையில்லை, ஓட்டமில்லை, யாரும் வெற்றி பெறவில்லை. பெரியவர் அமைதியாய் இறக்கிறார்.

இந்நான்கையும் கற்க நாம் ஹவாய்த் தீவுக்குப் போக வேண்டியதில்லை. சாகுந்தறுவாயில் இருப்பவர் வீட்டாரை ஒவ்வொருவராய் அழைத்து மன்னிப்புக் கேட்பதும், பிள்ளைகள் காலைத் தொட்டு ஆசி பெறுவதும், நன்மரணத்தின் பாதுகாவலராம் சூசையப்பரை நோக்கி வீடே செபிப்பதும் நம் பாட்டிமார் காலத்து வழக்கம். ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நாம் அதைக் கழற்றி வைத்துவிட்டோம்; செருப்பைப் போல.

இனி, கருவியை மறுப்பது பாவமல்லவா என்னும் ஐயம். நம் பங்கு மக்களை வாட்டும் ஐயம் இது. திருச்சபையின் போதனையோ நெடுநாளாகவே தெளிவாயுள்ளது. இன்ஸ்புருக் நகர மயக்க மருந்து வல்லுநர் ஒருவர் எழுப்பிய கேள்விகளுக்கு, 1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் விடையளித்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு. தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமையில்லை என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். 1980 மே 5 அன்று வெளியான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் அறிக்கையும், 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே உறுதிப்படுத்தின. நோயாளியைக் கொல்லும் நோக்கோடு எதுவும் செய்யலாகாது; அது கொலையே. பயனுக்கு மீறிய துன்பம் தரும் சிகிச்சையை நிறுத்துவது கொலையன்று. சாவைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்வது. அதே வேளையில் உணவு, நீர், உடல் தூய்மை, வலி தணிக்கும் மருந்து ஆகியவற்றை இறுதி வரை தர முயலுதல் வேண்டும். கருவியை மறுத்தோம் என்பதற்காகக் கவனிப்பையும் நிறுத்திவிட உரிமையில்லை.

இரண்டு திருத்தந்தையரின் கடைசி நாள்கள் இதற்கு நல்ல விளக்கம். இரண்டாம் ஜான் பால் 2005 பிப்ரவரியில் ஜெமெல்லி மருத்துவமனையில் தொண்டை அறுவை ஏற்றார். ஆனால் மார்ச் இறுதியில் நிலைமை முற்றியபோது மீண்டும் அங்கே செல்லாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே ஏப்ரல் 2 அன்று உயிர் நீத்தார். திருத்தந்தை பிரான்சிசு 2025 பிப்ரவரி 14 முதல் 38 நாள் அதே ஜெமெல்லியில் இருந்தார். பிப்ரவரி 28 அன்று மூச்சு அடைத்து நிலைமை மோசமானபோது, சிகிச்சையை நிறுத்துவதா, பிற உறுப்புகள் கெடும் அபாயம் இருந்தும் எல்லாவற்றையும் முயல்வதா என்று முடிவெடுக்க நேர்ந்ததாக மருத்துவர் செர்ஜியோ அல்பியேரி பின்னர் கூறினார். எல்லாவற்றையும் முயலுங்கள் என்று சொன்னவர், திருத்தந்தையின் நம்பிக்கைக்குரிய செவிலியர் மாசிமிலியானோ ஸ்ட்ராப்பெத்தி. திருத்தந்தை பிழைத்து மார்ச் 23-ல் வீடு திரும்பினார். உயிர்ப்புப் பெருவிழாவன்று மக்களுக்கு ஆசி வழங்கினார். மறுநாள் ஏப்ரல் 21-ல் இறைவனடி சேர்ந்தார். ஒருவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஒருவருக்காக எல்லாம் முயலப்பட்டது. இரண்டிலும் தவறு காண்பார் எவர்?

முடிவெடுத்தவர்களுள் ஒருவர் செவிலியர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நாடகங்களில் டாக்டரே கட்டிலைத் தள்ளுவார், ஊசி போடுவார், இரவெல்லாம் அருகே அமர்ந்திருப்பார். செவிலியர் தட்டு ஏந்தி நிற்பர். 1909-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கி, 1946-ல் பட்டப் படிப்பும் கண்ட ஊர் வேலூர். நம் பங்குகளில் செவிலியர் இல்லாத தெரு அரிது. அவர்களைக் கேட்டால் தெரியும் யார் அமர்ந்திருக்கிறார் என்று. 'தி பிட்' இதிலும் ஓரளவு நேர்மையானது. தலைமைச் செவிலி டானாவாக நடித்த கேதரின் லனாசாவுக்கும் எம்மி விருது கிடைத்தது தகும். ஆனால் அத்தொடரிலும் நமக்கு மிகவும் தெரிந்த ஒருவர் முழுமையாகத் தென்படவில்லை: கட்டிலடியில் பாய் விரித்துப் படுக்கும் துணையாள். மருந்துக்கு ஓடி, இரத்தத்துக்கு ஆள் தேடி, ஊரிலிருக்கும் நகையை அடகு வைக்கச் சொல்லித் தொலைபேசியில் மன்றாடும் மனிதரை எந்த அமெரிக்க நாடகமும் காட்டாது. தமிழ் நாடகம் காட்டலாமே! நம் தொடர் எழுதுவோர் லாங் பஜார் லாட்ஜ் ஒன்றில் ஒரு வாரம் தங்கினால் நூறு பகுதிக்குக் கதை கிடைக்கும்.

சட்டமும் இப்போது இடம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அளித்த தீர்ப்பு, இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எழுதுவது திருச்சபையின் போதனைக்கு இசைந்திருக்கிறதா என்று பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நாம் முன்னர்க் கூறிய ஆம்பூர்க் குடும்பத்தின் தாயார் கணவரின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மக்களை அமரவைத்தார். "எனக்குக் குழாய் வேண்டாம். வலிக்கு மருந்து கொடுங்கள். கஞ்சி இறங்கும் வரை கஞ்சி கொடுங்கள். பேச்சு இருக்கும்போதே சாமியாரை அழையுங்கள்" என்றார். மூத்த மகனே அதை எழுதிக்கொண்டார்.

அத்தாயார் கடைசியாகச் சொன்னது பற்றி ஒரு விளக்கம். திரைப்படத்திலும் தொடரிலும் குருவானவர் கட்டிலருகே தோன்றினால் அடுத்த காட்சி கல்லறை. இதனால் நம் வீடுகளிலும், "சாமியாரைப் பார்த்தால் அப்பா பயந்துவிடுவார்" என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பின் ஓடிவருகின்றனர். பழைய நாளில் 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயரும் இவ்வச்சத்துக்குக் காரணம். சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று இத்திருவருட்சாதனம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் அறிவித்தது. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்கு முறையை வழங்கினார். கடும் நோயுற்றோர், பெரிய அறுவைக்குச் செல்வோர், முதுமையால் தளர்ந்தோர் யாவரும் 'நோயில் பூசுதல்' பெறலாம். நோய் மீண்டும் முற்றினால் மறுபடியும் பெறலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உலக நோயாளர் நாளைத் திருச்சபை 1993 முதல் கொண்டாடி வருகிறது. அன்று கோவிலில் எண்ணெய் பூசப்பெறும் முதியோர் பலர் நடந்தே வருகின்றனர். பூசை முடிந்ததும் நடந்தே வீடு திரும்புகின்றனர்.